உமாராணி வைத்த சுவிட்ச்

தென்காசியிலிருந்து இலஞ்சிக்குப் போகிற சாலையில் உமாராணியின் கடை இருக்கிறது. வண்டிகளுக்கு எலெக்ட்ரிக் வேலை. புதிதாக வருகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, "மெக்கானிக் இல்லையாம்மா?" என்று கேட்பார்கள். "இருக்காங்க, சொல்லுங்க" என்பாள். அவர்கள் சுற்றுமுற்றும் தேடி முடிப்பதற்குள் பானெட்டைத் திறந்திருப்பாள்.

சொந்த ஊர் கீழப்பாவூர். அண்ணன்கள் இருவரும் போலீஸ். கணவன் மாரிராஜ் ராணுவத்தில், இப்போது ராஜஸ்தானில். பாலிடெக்னிக் முடித்ததும் சுரண்டைப் பக்கம் ஒரு காற்றாலைக் கம்பெனியில் உமாராணிக்கு வேலை கிடைத்தது. கோபுரத்தின் அடியில் இருக்கிற கண்ட்ரோல் பேனல் மட்டும்தான் அவளுக்கு. மேலே ஏறுவது ஆம்பளைகள் வேலை என்று சொல்லிவிட்டார்கள். மேலே ஏறவேண்டியவன் ஒருநாள் மச்சான் கல்யாணத்துக்குப் போய்விட்டான். காற்றும் அன்று அடங்கியிருந்தது. உமாராணி பெல்ட்டை மாட்டிக்கொண்டு எண்பது மீட்டர் ஏறி, கெட்டுப்போன சென்சாரை மாற்றிவிட்டு இறங்கினாள். காற்றாலை சுற்றியது. சூப்பர்வைசர் மெமோ கொடுத்தார். அவள் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, இனிமேல் யாரிடமும் அனுமதி கேட்காமல் செய்கிற வேலையாகப் பார்ப்போம் என்று முடிவு செய்தாள். அப்படிப் போட்ட கடைக்கு இப்போது ஏழு வருஷம் ஆகிறது.

போன ஜூன் மாதம், சாரல் பிடித்த மூன்றாம் நாள், செண்பகவல்லி கடைக்கு வந்தார். குற்றாலத்தில் ஐந்தருவி போகிற வழியில் நர்சரி வைத்திருப்பவர். மங்குஸ்தான், ரம்புட்டான், கிராம்புக் கன்றுகள். பாதிக்கு மேல் மலைக்கு அந்தப் பக்கம், கேரள எஸ்டேட்டுகளுக்குப் போகும். லாரியில் அனுப்பினால் எஸ்டேட் கேட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள் என்பதால், கன்றுகளைத் தானே ஏற்றிக்கொண்டு தோட்டத்து உச்சி வரைக்கும் போவார். அதற்காகக் கொச்சியில் வாங்கிய வண்டி அது. நாலு சக்கரமும் இழுக்கும், ஆட்டோமேட்டிக் கியர், பதினைந்து வருஷப் பழசு.

"ஏம்மா, இந்த வண்டியில ஒரு லைட்டு எரியுது. அதை அணைக்கணும்."

"எந்த லைட்டுக்கா?"

"கியர்பாக்ஸ் சூடுன்னு காட்டுத லைட்டு. லோடு ஏத்திக்கிட்டு புளியரை தாண்டி ஏறுனா போதும், வந்துரும். நிப்பாட்டி அரை மணி நேரம் ஆறவச்சுப் போவுதேன். அதுக்குள்ள கன்னெல்லாம் வாடுது."

"லைட்டை அணைச்சா சூடு அணையுமாக்கா?"

செண்பகவல்லி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். "இதுவரைக்கும் மூணு பேர்ட்ட கேட்டுட்டேன். இதை வித்துட்டு கியர் வண்டி வாங்குங்கன்னுதான் எல்லாரும் சொல்லுதான். நீயாவது லைட்டப் பத்திப் பேசுதியே."

கதவைத் திறந்து, இடது காலை இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்து இறங்கினார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் லோடு ஆட்டோ கவிழ்ந்து போன முட்டி. உள்ளே கம்பி வைத்து முடுக்கியிருக்கிறார்கள், மடங்காது. கிளட்சை மிதிக்க முடியாது. ஆட்டோமேட்டிக்கை விட்டால் அவருக்கு வேறு வண்டியே கிடையாது.

அடுத்த கடை யாசருடையது. கியர்பாக்ஸ் வேலையில் பேர் வாங்கியவர். உமாராணி கூப்பிட்டதும் வந்து, ஆயில் அளவுகோலை உருவி மூக்கருகில் கொண்டுபோனார்.

"கருகிட்டு, தங்கச்சி. ஆனா பெட்டி இன்னும் உசுரோடதான் இருக்கு. ஆயிலை மாத்தி, சூடு பாக்க ஒரு மீட்டரும் போட்டுத் தாரேன். ஆனா ஏத்தத்துல மறுபடி கொதிக்கத்தான் செய்யும்."

"அதான் ஏன்?" என்றார் செண்பகவல்லி.

கடையில் இரண்டு டேபிள் ஃபேன் இருந்தன. உமாராணி அவற்றை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் போட்டாள். அந்தக் காற்றில் மற்றதும் மெல்லச் சுற்ற ஆரம்பித்தது.

"இது இஞ்சின், அது கியர்பாக்ஸ். நடுவுல காத்துக்குப் பதிலா ஆயில். டார்க் கன்வெர்ட்டர்னு பேரு. இது சுத்துத வேகத்துக்கு அது சுத்துதா, பாருங்க."

"இல்ல. சோம்பேறியா சுத்துது."

"அந்த வித்தியாசம் பூராவும் சூடாப் போவுது. நேர் ரோட்டுல வேகம் பிடிச்சதும் உள்ள ஒரு தட்டு ரெண்டையும் சேத்துப் பூட்டிரும். அப்புறம் வழுக்காது, சூடும் வராது. ஆனா எப்பப் பூட்டணும்னு முடிவு பண்ணுதது கம்ப்யூட்டர். அறுபத்தஞ்சுக்கு மேல போனாத்தான் பூட்டும்."

"மலையில அறுபத்தஞ்சா? நாப்பதே எமன்கிட்ட போற வேகம்லா."

"அதனாலதான் பூட்டவே மாட்டேங்கு. பூட்டுத வேலைய உங்க கையில ஒரு சுவிட்சாக் குடுத்துரலாம்."

யாசர் அவளைத் தனியே கூப்பிட்டார். "கம்ப்யூட்டர் வயர்ல கை வைக்கப் போற, பாத்துக்கோ. பெட்டி போச்சுன்னா இந்த வண்டிக்கு மாத்துப்பெட்டி இங்கன எங்கயும் கெடையாது."

அது உமாராணிக்கும் தெரியும். ஹாரன், இண்டிகேட்டர், ஏசி என்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். கியர்பாக்ஸ் வயரை இதுவரை வெட்டியதில்லை. அதைச் செண்பகவல்லியிடம் அப்படியே சொன்னாள்.

"நீ தொடாட்டியும் வெந்து போவத்தான் போவுது" என்றார் அவர். "தொட்டுப் பாரு."

வயரிங் படத்தை போனில் இறக்கி, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். பூட்டுகிற வால்வுக்குப் போகும் வயரைக் கண்டுபிடிக்கவே ஒரு பகல் போயிற்று. படத்தில் சொன்ன நிறம் வண்டியில் இல்லை. மீட்டரை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து, வால்வுக்கு உரிய பதின்மூன்று ஓம் காட்டியதும்தான் நிமிர்ந்தாள். அந்த வயரை வெட்டி, கரண்டை வழி மாற்றிவிடுகிற ஒரு ரிலேயை நடுவில் வைத்தாள். சுவிட்சைப் போட்டால் வால்வுக்கு நேராகக் கரண்ட் போகும். அந்த நேரத்தில் வால்வைக் காணோமே என்று கம்ப்யூட்டர் பதறக்கூடாது. அதற்காக அதே பதின்மூன்று ஓமுக்கு ஒரு தடித்த ரெசிஸ்டரைக் கம்ப்யூட்டர் பக்கம் மாட்டினாள். அது சூடாகும் என்பதால் பிளாஸ்டிக் படாமல் இரும்புத் தகட்டில் முடுக்கினாள். ஃபியூஸ் வைத்தாள். கியர் கம்பிக்குப் பக்கத்தில் சுவிட்ச், அதற்கு மேலே சின்னதாக ஒரு பச்சை விளக்கு.

மறுநாள் செண்பகவல்லி ஓட்ட, உமாராணி பக்கத்தில் உட்கார, செங்கோட்டைப் பக்கம் கிளம்பினார்கள். நாற்பதில் போகும்போது சுவிட்சைப் போட்டாள். விளக்கு எரிந்தது. இஞ்சின் சத்தம் சட்டென்று இறங்கியது. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தாலும் வண்டி உடனே கேட்டது.

"ஏட்டி, யாரோ பின்னால இருந்து தள்ளுத மாதிரி இருக்கு" என்றார் செண்பகவல்லி.

செங்கோட்டை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அந்தச் சந்தோஷம் நீடித்தது. அங்கே முன்னால் போன பஸ் ஆள் ஏற்ற நின்றுவிட, செண்பகவல்லி பிரேக்கை மிதித்தார். சுவிட்சை யாரும் அணைக்கவில்லை. வண்டி இரண்டு தடவை உதறிவிட்டு நடுரோட்டில் அப்படியே நின்றுபோனது. பின்னால் சீசன் கூட்டம்: வேன்கள், கார்கள், ஒரு கேரள பஸ். அதன் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "எந்தா சேச்சி, உறங்கிப்போயோ?" என்றான்.

"ஆமா தம்பி, நீ ஹாரன் அடிச்சதுலதான் முழிச்சேன்" என்று செண்பகவல்லி நிதானமாகச் சொல்லிவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தார்.

உமாராணிக்குத்தான் முகம் எரிந்தது. பூட்டியபடியே நிறுத்தினால் கிளட்ச் மிதிக்காமல் நிறுத்துவது போலத்தான், இஞ்சின் அணையும். அது தெரிந்துதான், நிறுத்துவதற்கு முன்னால் அணைத்துவிடுங்கள் என்று காலையில் வாயால் சொல்லியிருந்தாள். மனுஷனுக்கு ஞாபகம் இருக்கும் என்று நம்பி எதையும் விடக்கூடாது என்பது காற்றாலையில் அவளே பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். இது மலை வளைவில் நடந்திருந்தால்? ஸ்டியரிங் இறுகி, பிரேக் கனத்து, பின்பக்கம் முழுக்க லோடும் இருந்திருக்கும்.

"தப்பு என் மேலதான்க்கா" என்றாள். "வண்டியத் திருப்புங்க. நாளைக்கு ஒரு நாள் குடுங்க."

"ஒரு நாள் என்ன, ரெண்டு நாளா எடுத்துக்கோ. சாயங்காலம் வீட்ல உக்காந்து அழாம இருந்தாச் சரி."

அழவில்லை. பிரேக் விளக்குக்குப் போகிற வயரிலிருந்து இன்னொரு ரிலேயை இழுத்தாள். பிரேக்கைத் தொட்டாலே பூட்டு விடுபட்டுவிடும். காலை எடுத்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். யாசரை உட்காரவைத்து, கடைக்கு எதிரே இருந்த காலி மனையில் இருபது தடவை ஓட்டி நிறுத்தச் சொன்னாள். பத்தாவது தடவையே அவருக்குத் தலை சுற்றியது. இருபதிலும் இஞ்சின் அணையவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, பின்சீட்டைக் கழற்றிவிட்டு மங்குஸ்தான் கன்றுகளை நெருக்கி அடுக்கி, மேலே கேரியரிலும் கட்டிக்கொண்டு தென்மலைப் பக்கத்து எஸ்டேட்டுக்குப் புறப்பட்டார்கள். புளியரை செக்போஸ்ட்டில் யாசர் போட்ட சூட்டு மீட்டர் எண்பத்தெட்டு காட்டியது. எஸ் வளைவில் ஏறும்போது உமாராணி வெளியே பார்க்கவேயில்லை. தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்று ஏழு. நூற்றொன்று. முன்னால் ஒரு லாரி நகர்ந்துகொண்டிருந்தது. செண்பகவல்லி பிரேக்கைத் தொடுவதும் விடுவதுமாகப் பின்னாலேயே ஏறினார். பச்சை விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. நூற்றிரண்டுக்கு மேல் முள் போகவில்லை. சூட்டு லைட்டும் எரியவில்லை.

"வழக்கமா இந்த வளைவுலதான் ஒதுக்கி நிப்பாட்டுவேன்" என்று செண்பகவல்லி வெளியே கையைக் காட்டினார். "இந்த மரத்தோட ஒவ்வொரு கெளையும் எனக்குத் தெரியும்." மரம் பின்னால் போயிற்று. உமாராணி அப்போதுதான் சீட்டில் சாய்ந்தாள்.

ஆரியங்காவு தாண்டி எஸ்டேட் உச்சிக்குப் போய்க் கன்றுகளை இறக்கியபோது மணி பத்து ஆகவில்லை. இலை ஒன்றுகூடத் தொங்கவில்லை. எஸ்டேட் கணக்கர் இரண்டு கன்றைத் தூக்கிப் பார்த்து, இன்றைக்கு நேரத்தோடு வந்துவிட்டீர்களே என்று மலையாளத்தில் ஆச்சரியப்பட்டார். செங்குத்தான ஏற்றம் என்று இரண்டு வருஷமாகத் தட்டிக்கழித்து வந்த மேல் எஸ்டேட் ஆர்டருக்கு, செண்பகவல்லி அங்கே நின்றபடியே போன் போட்டுச் சரியென்றார்.

புட்டும் கடலையும் சாப்பிட்டுக் கிளம்பும்போது சாவியை உமாராணி பக்கம் நீட்டினார்.

"போகும்போது நீ ஓட்டு."

"நானா? மலையில ஓட்டுனதில்லக்கா. ஊருக்குள்ள கஸ்டமர் வண்டி நகத்துனதோட சரி."

"லைசென்ஸ் இருக்குல்லா? நீ முடுக்குன வண்டிதானே."

உமாராணி சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். முதல் இரண்டு வளைவில் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்ததில் கை வலித்தது. மூன்றாவதில் சரியாகிவிட்டது. சாரலுக்கு வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது. இறக்கத்தில் சுவிட்சைப் போட்டதும் இஞ்சின் வண்டியைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தது. பிரேக்குக்கு அதிகம் வேலை இல்லை. எதிரே வந்த பஸ்ஸுக்கு அவள் ஹாரன் அடித்து ஒதுங்கச் சொன்னதைப் பார்த்துக்கொண்டே செண்பகவல்லி கொய்யாப்பழம் தின்றார்.

உமாராணியின் போன் அடித்தது. செண்பகவல்லி எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். ராஜஸ்தானிலிருந்து மாரிராஜ்.

"எங்க இருக்க? கடையிலயா?"

"மலையிலங்க. வளைவு வருது, அப்புறமா கூப்பிடுதேன்" என்றாள் உமாராணி.