தங்கபாய் கட்டிய பிரசவ மூட்டை

அம்மா இறந்து நாற்பத்தொரு நாள் ஆகிறது. அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் முழுதாக நினைவுக்கு வருகிறது. மூன்று வருடத்துக்கு முந்தைய ஞாயிறு. அதையே எழுதுகிறேன்.

பெயர் தங்கபாய். ஊர் தக்கலைப் பக்கம். கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தவள். அப்பா இறந்தபோது எனக்கு ஆறு வயது. அடுத்த மாதமே நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். கருவிகளையும் துணிகளையும் கழுவி, மடித்து, மூட்டையாகக் கட்டி, நீராவியில் கிருமி நீக்கி அனுப்பும் பிரிவு. பிரசவ அறைக்குப் போகும் மூட்டைகள் அவள் பொறுப்பு. ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு. அந்த ஞாயிறு வரும்போது இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது.

ஆனால் அவள் ஒரு பிரசவத்தைக்கூடப் பார்த்ததில்லை. மூட்டை ஒரு ஜன்னல் வழியாகப் போகும், இன்னொரு ஜன்னல் வழியாகத் திரும்பி வரும். நான் பிறந்தபோதும் ஆபரேஷன்தான், அவள் மயக்கத்தில் இருந்தாள்.

கரமனையில் ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவில் பத்மஜா மாமி வீட்டின் கீழ்ப்பகுதி எங்களுக்கு வாடகை. மாமி மாடியில். ரோசி அந்தத் தெருவின் நாய். ஒரு ஜூன் மழையில் மாடிப்படிக்கு அடியில் ஒதுங்கியது, பிறகு போகவில்லை. கருத்தடைக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தபோதே வயிறு தெரிந்துவிட்டது. மிருக டாக்டர் லிபி எக்ஸ்ரே எடுத்து ஐந்து குட்டி என்றார். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, ஒரு பெட்டியும் பழைய துணியும் போதும், மற்றதை நாயே பார்த்துக்கொள்ளும் என்றார்.

திரும்பி வந்து ஆட்டோவிலிருந்து இறங்கும்போது அம்மா கேட்டாள்.

"செட்டு ஒண்ணும் இல்லாம எப்படி மக்களே?"

செட்டு என்றால் அவர்கள் பிரிவில் பிரசவ மூட்டை; மக்களே என்பது அவள் ஊரில் பிள்ளையைக் கூப்பிடும் விதம். அன்று ஆரம்பித்தது. மாமி கொடுத்த பழைய பருத்திப் புடவைகளைக் கிழித்து, இரண்டு முறை துவைத்து, இஸ்திரி போட்டு, ஆஸ்பத்திரி அளவுக்கே வெட்டினாள். பெரிய துணி இரண்டு. குட்டிக்கு ஒன்று வீதம் சின்னத் துணி ஐந்து, மேலே ஒன்று கூடுதல். தொப்புள்கொடி கட்ட நூல், கத்தரிக்கோல், பஞ்சு, மூக்குச் சளி உறிஞ்சும் ரப்பர்க் குமிழ். எல்லாவற்றையும் எடுக்க வேண்டிய வரிசைக்குத் தலைகீழாக அடுக்கி, நான்கு மூலையும் மடக்கி, கடைசி மூலையின் நுனியை மட்டும் நாக்குப் போல வெளியே விட்டாள். திறப்பவர் அந்த நுனியைத்தான் பிடிக்க வேண்டும். உள்ளே விரல் படக்கூடாது.

மூட்டையைப் பெரிய குக்கரில் வைத்து அரை மணி நேரம். வெளியே எடுத்தால் ஈரம். ஈர மூட்டை அசுத்த மூட்டை என்பது அவர்கள் பிரிவின் விதி. அவிழ்த்தாள், காயவைத்தாள், மறுபடி கட்டினாள். மூன்றாவது தடவை, துணி தண்ணீருக்கு மேலே நிற்கும்படி நான் ஒரு கம்பித் தட்டு வளைத்துக் கொடுத்த பிறகுதான் காய்ந்து வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மூட்டையை ஒட்டும் டேப்பில் ஒரு துண்டுகூட அவள் எடுத்து வரவில்லை. கையுறை மட்டும் மருந்துக்கடையில் வாங்கினாள்.

மாமி கீழே இறங்கி வந்து பார்த்தார்.

"ஏன்டி தங்கபாய், நாய் குட்டி போடறதுக்கு ஆஸ்பத்திரியவே பேத்துண்டு வந்துட்டியே. தலைக்குத் தொப்பி தச்சாச்சா?"

"ரெண்டு இருக்கு மாமி" என்றாள் அம்மா. அவள் சிரிக்கவில்லை.

அந்த வாரம் முழுவதும் அவள் பயந்துபோயிருந்தாள். சோற்றைப் பிசைந்தபடியே இருப்பாள். வேலையிலிருந்து இரண்டு தடவை போன் செய்து ரோசிக்கு மூச்சு வாங்குகிறதா என்று கேட்பாள். குட்டி குறுக்கே நின்றால்? ஒன்று உள்ளேயே தங்கிவிட்டால்? நான் அளவுக்கருவிகளைப் பற்றிய இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவள். பயத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அளவெடுப்பது. டிவி வந்த அட்டைப்பெட்டியின் முன்பக்கத்தை அறுத்துப் பெட்டி செய்தேன். மேலே ஒரு பல்பு, முப்பது டிகிரியில் தானாக அணையும்படி ஒரு தெர்மோஸ்டாட். தினமும் மூன்று முறை ரோசியின் உடல்சூட்டைப் பார்த்து வரைபடம் போட்டேன். குட்டி போடுவதற்கு முந்தைய நாள் சூடு ஒரு டிகிரிக்கு மேல் இறங்கும் என்று படித்திருந்தேன். துடைப்பதற்கான கிருமிநாசினியில் எத்தனை பங்கு தண்ணீர் என்று கணக்குப் போட்டுக் கொடுத்ததும் நான்தான்.

சனிக்கிழமை மாலை 38.3. ஞாயிறு காலை ஏழு மணிக்கு 37.1. அம்மாவிடம் சொன்னேன். அவள் குளித்து, தலையை முடிந்து தொப்பி போட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். பதினோரு மணிக்கு ரோசி முக்கத் தொடங்கியது.

பதினொன்று இருபதுக்கு முதல் குட்டி வந்தது. சவ்வுப்பைக்குள் கருநீலமாக, ஒரு கட்டியாக. ரோசி தலையைத் திருப்புவதற்குள் அம்மாவின் கையுறைக் கைகள் அதை எடுத்துவிட்டன. பையைக் கிழித்தாள். குமிழால் மூக்குச் சளியை உறிஞ்சி எடுத்தாள். நூல் கட்டினாள், வெட்டினாள். கிருமிநாசினியில் நனைத்த பஞ்சால் தலை முதல் வால் வரை துடைத்தாள். சின்னத் துணியில் சுற்றி என்னிடம் நீட்டினாள். மொத்தம் மூன்று நிமிடம். ஒன்றுகூடப் பிசகவில்லை. குட்டி கத்தியது. சமையலறைத் தராசில் 262 கிராம்.

ரோசியின் வயிற்றருகே கொண்டுபோய் வைத்தோம். ரோசி மோந்தது. மூக்கைச் சுளித்தது. பிறகு அந்தக் குட்டியை மூக்காலேயே தள்ளிவிட்டது. மறுபடி வைத்தோம். உறுமியது. எங்களைப் பார்த்து அது உறுமியதே இல்லை.

இரண்டாவது குட்டி எங்களுக்குத் தெரியாமலே வந்துவிட்டது. அதை ரோசியே நக்கி, கொடியைக் கடித்து, அணைத்துக்கொண்டது. முதல் குட்டி பெட்டியின் மூலையில் தனியாகக் கிடந்தது. பல்புக்கு அடியில் பிடித்தோம். சூடு 34. கத்தல் மெலிந்து, நின்று, வாய் மட்டும் திறந்து மூடியது.

நான் டாக்டர் லிபிக்குப் போன் செய்தேன். எதனால் துடைத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் மலையாளத்தில் நிதானமாகச் சொன்னார். அந்த மருந்து வாசனைக்குக் குட்டி தன்னுடையது என்றே நாய்க்குத் தெரியாது. கையுறையைக் கழற்றுங்கள். பெட்டிக்குள் நனைந்து கிடக்கும் துணி, காகிதம், எதுவானாலும் சரி, அதில் குட்டியைப் புரட்டித் தேய்த்து வையுங்கள். உடனே.

அம்மாவிடம் சொன்னேன். அவள் இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே, எதிலும் படாமல் தூக்கியபடி இருந்தாள். அவர்கள் பிரிவில் தரையில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. ஒரு பக்கம் அழுக்கு, மறுபக்கம் சுத்தம். கோட்டைத் தாண்டினால் உடை மாற்றிக் கை கழுவிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் ஒருமுறைகூட அவள் தவறியதில்லை.

"அழுக்குத் துணியிலயா? பச்சப் புள்ளயையா?"

"ஆமாம்மா. நேரம் இல்ல."

அவள் அசையவில்லை. அழுகிறாள் என்று குரலில்தான் தெரிந்தது.

"ஒனக்குத் தெரியாது மக்களே. மூட்டை திரும்பி வரும்லா, அவிழ்க்கது நான்தான். பெரிய துணியெல்லாம் ரத்தம். பிள்ளையச் சுத்த வச்ச துணி மட்டும் நான் மடிச்ச மடிப்பு கலையாம இருக்கும். பிள்ளை பிழைக்கலன்னு ஆரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாவ. அதைத் திரும்பக் கழுவி, திரும்ப மடிச்சு வைப்பேன். எத்தனையோ தடவை. நான் கட்டினதுல ஏதோ குறைஞ்சு போச்சோன்னு இருக்கும்."

இதை அவள் அதுவரை என்னிடம் சொன்னதில்லை. நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. குட்டி 33.6 என்று சொல்லியிருப்பேன்.

அவள் கையுறையைக் கழற்றினாள். ரோசிக்கு அடியில் கிடந்த பிரசவ நீரில் பச்சையாகக் கறைபட்ட துணியை வெறும் கையால் இழுத்து எடுத்தாள். குட்டியை அதில் வைத்து முதுகு, வயிறு, தலை என்று தேய்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அந்த ஈரக் கையாலேயே ரோசியின் முகத்துக்கு நேரே கொண்டுபோனாள்.

ரோசி மோந்தது. முகத்தைத் திருப்பி இரண்டாவது குட்டியை நக்கியது. அம்மா கையை எடுக்கவில்லை. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அதனால் எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. பிறகு ரோசி திரும்பி அம்மாவின் விரல்களை நக்கியது. விரல்களிலிருந்து குட்டியின் காதுக்கு நாக்கு போனது. காதிலிருந்து முகத்துக்கு. முரட்டுத்தனமாக நக்கியது. குட்டி உருண்டு விழுந்து கத்தியது.

மற்ற மூன்றும் மதியம் இரண்டரைக்குள் வந்தன. அம்மா தொடவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியபடி, சுவரோடு ஒட்டி உட்கார்ந்து பார்த்தாள். ஒவ்வொன்று வரும்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கடைசிக் குட்டிக்கு, "இப்படித்தானா?" என்று மட்டும் கேட்டாள். என்னையா, ரோசியையா என்று தெரியவில்லை.

முதல் குட்டிக்குப் பால் இறங்கியதா என்பதே அன்று முழுவதும் கேள்வி. அது மற்றவற்றைவிட மெதுவாக நகர்ந்தது, காம்பிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. மாலை ஆறு மணிக்கு 257. முதல் நாளில் கொஞ்சம் குறைவது இயல்புதான் என்றேன். அம்மா தராசையும் நம்பவில்லை, என்னையும் நம்பவில்லை. திங்கள் காலை ஆறரைக்கு 266. பேனாவால் எழுதி அவளிடம் காட்டினேன். தலையாட்டிவிட்டு, புடவை மாற்றி, பையை எடுத்துக்கொண்டு கிழக்கேகோட்டை பஸ்ஸுக்குப் போனாள்.

பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றி, பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"செக்சன்ல கூப்பிட்டுச் சொல்லு. இண்ணைக்கு வர மாட்டேன்."

"காரணம் கேட்டா?"

"வீட்டுல பிரசவம்னு சொல்லு."

கூப்பிட்டுச் சொன்னேன். மறுமுனையில் யாருக்கு என்று கேட்டார்கள். அந்த வீட்டில் அம்மாவைத் தவிர நான் ஒருத்திதான், எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. போனைக் காதில் வைத்தபடியே திரும்பிப் பார்த்தேன். அம்மா முதல் குட்டியின் வயிற்றில் ஒற்றை விரலை வைத்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள்.