சுண்ணாம்பு சேராத தார்

தார்க் கலவை தயாரிக்கும் ஆலையில் தரம் பார்க்கும் பொறியாளர் நான். உறையூரில் சாலை போட்ட அன்று சுண்ணாம்புத் தூள் தீர்ந்துவிட்டது. அது சேர்ந்தால்தான் மழையிலும் தார் ஜல்லியை விடாமல் பிடித்திருக்கும். லாரிகள் காத்திருந்தன. வெறும் கல்தூளைப் போடச் சொல்லிக் கையெழுத்திட்டேன்.

ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் காலை போய்ப் பார்த்தேன். தார் கழன்ற ஜல்லி, கழுவிவிட்டதுபோல் வெளுத்துச் சிதறிக் கிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மகளைப் பின்னால் வைத்து வந்த ஒரு பெண்ணின் ஸ்கூட்டர் அதில் சறுக்கி விழுந்தது. பின்னால் வந்த டவுன் பஸ், அந்தச் சிறுமியின் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

ஓடிப்போய்த் தூக்கினேன். முழங்கையில் ரத்தம் வழிய, அந்தப் பெண் என்னைப் பார்த்தார்.

"எங்களுக்கு ஒண்ணும் இல்லைங்க. நீங்கதான் ரொம்பப் பயந்துட்டீங்க. உட்காருங்க."

அந்தக் கனிவை என்னால் தாங்க முடியவில்லை. "இந்த ரோட்டுக்குக் கையெழுத்துப் போட்டது நான்தாங்க. சேர்க்க வேண்டியதைச் சேர்க்கலை" என்றேன்.

அவர் மகளின் சீருடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார். பிறகு, "நாளைக்கும் இவளை இந்த வழியாத்தான் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்றார்.

அன்றே மேலதிகாரியிடம் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தேன். சாலையைப் பெயர்த்து, சுண்ணாம்பு சேர்த்து மறுபடி போட்டார்கள்.

இப்போதும் மழை பிடித்தால் ஒருமுறை அங்கே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அந்தப் பெண் என்னைத் திட்டியிருந்தால் இந்தப் பயம் எப்போதோ போயிருக்கும் என்று தோன்றுகிறது.