மீன் சமைத்தவரை மேசைக்கு அழைத்த நாள்

இலண்டன் உணவகங்களில் மனிதனை நிம்மதியாக மென்று விழுங்க விடமாட்டார்கள். முதற் கவளம் வாய்க்குள் போன அதே கணத்தில் வெயிட்டர் எங்கிருந்தோ தோன்றி, "எல்லாம் நன்றாக இருக்கிறதா?" என்று கேட்பார். வாயில் உணவை வைத்துக்கொண்டு மறுமொழி கூறுவது நான் கற்ற ஒழுக்கத்துக்குப் புறம்பானது. ஆகவே நான் அவசரமாக விழுங்கி முடிக்கும்வரை அவர் புன்னகையுடன் நின்றுகொண்டிருப்பார். ஆறு ஆண்டுகளாக இந்நாட்டில் வாழ்கிறேன். இன்னமும் இதற்குப் பழகவில்லை. எங்கள் நாட்டுக் கடைகளில் உண்பவனின் கருத்தை எவரும் கேட்டதில்லை. பிடித்திருந்தால் மறுமுறை வருவான், பிடிக்காவிட்டால் எதிர்க்கடைக்குப் போவான், அவ்வளவுதான்.

என்னைப் பற்றி இரண்டு வரிகள் சொல்லிவிடுகிறேன். கண்டியில் ஒரு கல்லூரியில் படித்து, றக்வானைக்கு மேலே மலைமீதிருந்த தேயிலைத் தோட்டமொன்றில் முப்பத்து மூன்று ஆண்டுகள் கிளாக்கராகப் பணிபுரிந்து, பெரிய கிளாக்கராக ஓய்வு பெற்றவன் நான். மனைவி காலமானதும், மருத்துவமனைத் தாதியாக இங்கு வேலை கிடைத்த என் ஒரே மகள் சாந்தி என்னையும் அழைத்துக்கொண்டாள். அவளுடைய கணவர் ரவீந்திரன் யாழ்ப்பாணத்தவர், நல்ல மனிதர். அவர்கள் இருவரும் 2007ஆம் ஆண்டின் இளவேனிலில் என்னை நான்கு நாட்கள் பாரிஸ் நகரத்துக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கு உண்ட உணவுகளைப் பற்றியே எழுத அமர்ந்தேன். எழுதவேண்டியது அதைவிடப் பெரிதாக இருக்கிறது.

முதல் நாள் உண்ட உணவைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய புகைவண்டி நிலையத்துக்கு எதிரில் இருந்த கடை அது. வாசலில் உணவுப் படங்களை ஒட்டி, ஆறு மொழிகளில் விலை எழுதி வைத்திருந்தார்கள். கழிவறைக் கதவுக்கு அருகில் இடம் தந்தார்கள். சோறு விறைத்துக் கிடந்தது. தேநீர் கேட்டேன். வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு கோப்பையிலும், நூல் கட்டிய சிறு பை ஒன்று அதன் தட்டிலுமாக வந்தன. கொதிக்காத நீரைத் தேயிலையின் அருகில் கொண்டுவருவதே குற்றம் என்று கருதும் ஊரிலிருந்து வந்தவன் நான். வெயிட்டரை அழைத்து, நீர் கொதிக்கவில்லை என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் தலையசைத்துவிட்டுப் போய், ஒரு கிண்ணம் நிறையப் பனிக்கட்டி கொண்டுவந்து வைத்தார். ரவீந்திரன் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை நான் காணாததுபோல் இருந்துவிட்டேன்.

கடையில் உண்பது எனக்கு என்றுமே எளிதாக இருந்ததில்லை. இரத்தினபுரி பஸ் நிலையத்தின் பின்னால் முஸ்லிம் ஒருவரின் ஹோட்டல் இருந்தது. அவருடைய மாட்டிறைச்சி ரோல்ஸும் இஞ்சி போட்ட பிளேன் டீயும் அந்தப் பகுதி முழுவதும் பேர்பெற்றவை. மாணிக்கம் தோண்டும் கிடங்குகளில் இறங்கிய சேற்றுக் கால்களோடு சிங்கள இளைஞர்களும், பொருள் வாங்க வந்த தோட்டத்துச் சனங்களும் ஒரே நீள மேசையில் நெருங்கியிருந்து உண்பார்கள். நான் உள்ளே நுழைந்ததும் முதலாளி, "கிளாக்கர் தொரைக்கு உள்ளுக்க போடு!" என்று குரல் கொடுப்பார். உள்ளே, திரைச்சீலை தொங்கும் சிறிய அறையில் தனியே அமர்ந்து உண்பேன். பெரிய கிளாக்கர் வாயசைப்பதைத் தோட்டத்துச் சனங்கள் பார்க்கக்கூடாது என்பது அக்காலத்து எண்ணம். அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று நான் ஒருநாளும் கேட்டுப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் பகல், ஆற்றங்கரைக்கு அப்பாலுள்ள ஒடுங்கிய தெருவொன்றில் பத்துப் பன்னிரண்டு மேசைகளே கொண்ட உணவகத்துக்குச் சென்றோம். சாந்தியின் மருத்துவமனைத் தோழி ஒருத்தி சொன்ன இடம். அங்கு மீன் வந்தது. நான் உணவைப் புகழ்ந்து எழுதும் வழக்கம் உடையவனல்லன். எனினும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. தோல் அப்பளம்போல் மொறுமொறுத்தது. அதற்குக் கீழே சதை, முட்கரண்டி பட்டதும் இதழ் இதழாக விலகியது. வெண்ணெயில் எதையோ புளிக்கவைத்துச் சேர்த்த ஒரு குழம்பு. அதன் அடியில், எனக்கு நன்கு தெரிந்த ஏதோ ஒரு வாசனை மெல்லிதாக வந்து போயிற்று. மூவரும் பேச்சை நிறுத்திவிட்டோம். கோயிலில் திரை விலகும்போது உண்டாகும் அமைதி அந்த மேசையில் இருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

அப்போதுதான் அந்தப் பிழையைச் செய்தேன். எங்கள் தோட்டத்துப் பங்களாவில் ஒரு வழக்கம் இருந்தது. தோட்டத்தை நிர்வகித்த துரை விருந்து வைக்கும் நாட்களில், உணவு முடிந்ததும் அப்புவை, அதாவது பங்களாச் சமையல்காரரை, மேசைக்கு அழைத்து விருந்தினர் முன்னிலையில் பாராட்டுவார். கையொப்பம் வாங்கக் கடதாசிகளோடு போய் விறாந்தையில் காத்திருந்த நான் அதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஒரு கனவான் செய்யவேண்டியது அதுவே என்று என் மனத்தில் பதிந்திருந்தது. வெயிட்டரை அழைத்து, "இந்த மீனைச் சமைத்தவரை நான் பார்க்கவேண்டும்" என்றேன்.

அந்த இளைஞரின் முகம் வெளுத்தது. "ஏதேனும் பிரச்சினையா, மெஸ்யூ?"

"பிரச்சினை இல்லை. அவரை இங்கே வரச் சொல்லுங்கள்."

"மாமா, இஞ்ச அப்பிடிக் கூப்பிடுறேல்லை," என்றார் ரவீந்திரன். "நீங்கள் சொல்லுற தொனியைப் பாத்தா முறைப்பாடு எண்டெல்லோ நினைப்பினம்."

"கொஞ்சம் சிரிச்சுட்டாவது சொல்லுங்கப்பா," என்றாள் சாந்தி.

அதற்குள் வெயிட்டர் போய்விட்டார். சற்று நேரத்தில் அடுக்களைக் கதவு திறந்தது. கழுத்துவரை பித்தான் பூட்டிய வெள்ளைச் சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாக, கைகளைத் துடைத்துக்கொண்டே ஒருவர் வந்தார். கறுத்த நிறம், நாற்பதை நெருங்கும் வயது. மேசைக்கு நான்கு அடி தூரத்தில் அவர் நின்றுவிட்டார். அவருடைய வலது கை தொப்பியை நோக்கி உயர்ந்தது. தோட்டத்து ஆபீஸ் படிக்குக் கீழே நின்று, என் ஜன்னலை அண்ணாந்து பார்த்துத் தலைத்துண்டை அவிழ்க்கும் கை எது என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அந்தக் கை பாதியில் நின்று, தொப்பியைச் சரிசெய்துவிட்டுக் கீழே இறங்கியது.

"பெரிய கிளாக்கர் ஐயாங்களா!" என்றார். "மீன்ல ஏதும் கொறைங்களா? ஒரு பெரியவரு கோவமா கூப்பிடுறாருன்னு பயல் ஓடி வந்தான்."

அவர் வேலு. எங்கள் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் நான்காம் லயத்தைச் சேர்ந்தவர். பங்களாவில் அப்புவுக்குக் கீழே கோக்கியாக, சமையல் உதவியாளராக, இருந்தவர். அவரை நேராகப் பார்க்காமல் மடியிலிருந்த துணியை மடிக்கத் தொடங்கினேன். அதற்குக் காரணம் உண்டு.

1990ஆம் ஆண்டு சாந்தியின் பூப்புச் சடங்கை என் குவாட்டர்ஸில் நடத்தினேன். எங்கள் தோட்டத்திலிருந்தும் அயல் தோட்டங்களிலிருந்தும் உத்தியோகத்தர் குடும்பங்கள் யாவற்றையும் அழைத்திருந்தேன். இரத்தினபுரியிலிருந்து சமையற்காரர் ஒருவரை ஏற்பாடு செய்திருந்தேன். அன்று விடியுமுன் பெய்த மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து, அவர் வந்த பஸ் திரும்பிப் போய்விட்டது. தொண்ணூறு பேருக்கு விருந்து. அடுப்பு மூட்டவும் ஆளில்லை. பங்களா அப்பு துரையோடு கொழும்பு போயிருந்தார். வேறு வழியின்றி வேலுவை அழைத்தேன். லயத்தில் பிறந்தவர் சமைத்ததைக் குவாட்டர்ஸ் குடும்பங்கள் உண்பதில்லை. எழுதி வைக்கப்படாத இச்சட்டத்தை அறியாதவர் எவரும் அங்கு இல்லை. அடுக்களைக் கதவைச் சாத்தினேன். "நீதான் சமைச்சன்னு ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. கடைசிப் பந்தி உக்காந்ததும் பின்பக்கமா, கொழுந்து மலை வழியா எறங்கிப் போயிடு" என்றேன். அவர் சரி என்றார். சிங்களக் கிராமத்து வீடுகளில் கற்றிருந்த முறைப்படி, இளம் பலாக்காயை மண்சட்டியில் கறுக்க வேகவைத்துப் பொலொஸ் கறி செய்திருந்தார். அன்று அந்தக் கறியைக் கேட்டு வாங்கி உண்ணாதவர் எவருமில்லை. தொழிற்சாலை அதிகாரியின் மனைவி, யார் சமையல் என்று வியந்து கேட்டார். "இரத்தினபுரி ஆள். அவசரமாகப் போய்விட்டார்" என்றேன். அந்நேரம் வேலு மழையில் மலையிறங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு இலை போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அந்த இரத்தினபுரிச் சமையற்காரர் எங்கள் குடும்பத்தின் கதையாகிவிட்டார். சாந்தி அவரைப் பற்றிப் பேசாத பண்டிகை இல்லை. இப்போதும் அவள்தான் பேசத் தொடங்கினாள்.

"நீங்க எங்க தோட்டமா? எனக்கு ஞாபகமே இல்லீங்களே."

"நீங்க அப்போ சின்னப் பாப்பாங்க. பள்ளிக்கூடத்துக்குக் குடை புடிச்சிட்டுப் போவீங்க, பாத்திருக்கேன்."

"இந்த மீன் என் வாழ்க்கையில ரெண்டாவது நல்ல சாப்பாடு. மொதலாவது என்ன தெரியுமா? என் சடங்குக்கு இரத்தினபுரியில இருந்து ஒருத்தர் வந்து பொலொஸ் கறி வச்சாரு. அவரு பேரு அப்பாவுக்கே ஞாபகமில்ல. நீங்க கேள்விப்பட்டிருக்கீங்களா?"

வேலு என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் முகத்தில் இருந்தது, பிறர் மானத்தைத் தன் கையில் வாங்கிப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளும் ஒரு நிதானம்.

"கேள்விப்பட்டிருக்கேங்க," என்றார். "நல்ல கைக்காரருன்னு சொல்லுவாங்க."

நான் பேசாமல் இருந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். என் மகள் தன் தந்தையை நேர்மையானவர் என்று நம்புகிறாள். மருமகன் முன்னிலையில் அதைப் பெருமையாகச் சொல்லுவாள். அந்தப் பெயரைக் காப்பாற்றும் வாய்ப்பை வேலு எனக்குத் தந்துவிட்டார். ஆனால் அவர் எனக்காக இரண்டாம் முறையும் மலையிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்க என்னால் இயலவில்லை. அந்த மீனை உண்ட நாவினால் இன்னொரு பொய்யைச் சொல்லமுடியவில்லை என்றும் கூறலாம்.

"சாந்தி," என்றேன். "இரத்தினபுரியிலிருந்து ஒருவரும் வரவில்லை. அன்று சமைத்தவர் இவர்தான். நான் மறைத்தேன்."

அவள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏம்பா?"

எனக்கு முந்திக்கொண்டு வேலு சிரித்தார். "ரோட்டுல மண்ணு சரிஞ்சிருச்சுங்க பாப்பா. அந்த ஒரு நாளைக்கு என்னைய இரத்தினபுரிக்காரனாக்கிட்டாங்க. பஸ் காசுகூட இல்லாம டவுன்காரன் ஆனது நான் ஒருத்தந்தான்."

சாந்தி சிரிக்கவில்லை. "நீங்க அன்னைக்குச் சாப்பிட்டீங்களா?"

"சமைக்கிறவனுக்கு மணத்துலயே வயிறு நெறைஞ்சிருங்க" என்றவர், அவள் பார்வை மாறாததைக் கண்டு, தரையைப் பார்த்து, "இல்லீங்க பாப்பா" என்றார்.

நான் எழுந்து நின்றேன். அருகிலிருந்த நாற்காலியை இழுத்தேன். "உட்காருங்க வேலு," என்றேன். அவருக்கு நான் 'ங்க' சேர்த்தது அதுவே முதன்முறை. அவர் பதறிவிட்டார்.

"ஐயோ, இந்தச் சட்டையோட கஸ்டமர் மேசையில உக்காந்தா மொதலாளியம்மா ஏசுவாங்க. நீங்க நாளைக்குப் பகல் பதினோரு மணிக்கு வாங்க ஐயா. கடை தொறக்க முந்தி இங்க வேலை செய்யிற எல்லாரும் ஒன்னா உக்காந்து சாப்பிடுவோம். நாளைக்குச் சமைக்கிற மொறை என்னோடது."

அன்று மாலை முழுவதும் சாந்தி என்னோடு பேசவில்லை. ரவீந்திரன் ஒருமுறை மட்டும், "விடுங்கோ மாமா, எங்கட பக்கத்திலயும் கிணறு, கோயில் எண்டு இதைவிட மோசமாய் நடந்தது" என்றார். ஆறுதலுக்காகச் சொன்னார். ஆறுதலாக இல்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு மூவரும் சென்றோம். அடுக்களைக்கும் விருந்தினர் கூடத்துக்கும் இடைப்பட்ட வெளியில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். நான் கண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊரிலிருந்து வாசிப்பவர்கள் நம்பினால் நம்பட்டும். உணவகத்தின் உரிமையாளரான அம்மையார் தானே தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். பாத்திரம் கழுவுகிற மாலி நாட்டுப் பெரியவர் மேசைத் தலைப்பில் அமர்ந்தார். வயதில் மூத்தவர் என்பதால் அந்த இடம் அவருக்காம். நேற்று முகம் வெளுத்த வெயிட்டர் எனக்குத் தண்ணீர் ஊற்றினார். சோறும் பருப்பும் வந்தன. அதன்பின் பொலொஸ் கறி வந்தது. டின்னில் அடைத்த பலாக்காய், தமிழ்க் கடைத்தெருவில் வாங்கியது என்றார் வேலு. முந்தின நாள் மீனின் அடியில் வந்து போன வாசனை, கறுக்க வறுத்த கொறக்காப் புளியின் வாசனை, இப்போது முகத்தில் வந்து மோதியது. பரிமாறி முடித்த வேலு, தொப்பியைக் கழற்றிக் கதவில் மாட்டிவிட்டு என் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து, சோற்றைப் பிசைந்து உண்ணத் தொடங்கினார்.

அம்மையார் என்னைச் சுட்டி அவரிடம் ஏதோ கேட்டார். இந்தப் பெரியவர் உனக்கு யார் என்று கேட்டிருக்கவேண்டும். வேலு உண்பதை நிறுத்தி, பிரெஞ்சு மொழியில் மறுமொழி சொன்னார். நீளமாகவே சொன்னார். மேசை முழுவதும் என் பக்கம் திரும்பியது. அம்மையார் தம் மார்பில் கைவைத்து எனக்குத் தலைசாய்த்தார். மாலி நாட்டுப் பெரியவர் ரொட்டித் துண்டொன்றைப் பிய்த்து என் தட்டில் வைத்தார். அவர்களுக்கு நான் யாராக அறிமுகமானேன் என்பது எனக்குத் தெரியாது. வேலு உண்மையைச் சொன்னாரா, மீண்டும் ஒருமுறை என்னைக் காப்பாற்றினாரா? நான் கேட்கவில்லை. அறுபத்தெட்டு ஆண்டுகள் நான் காத்த பெயர், எனக்கு விளங்காத ஒரு மொழியில், அவர் வாயில் இருந்தது.

"காரம் பாத்துச் சாப்பிடுங்கப்பா," என்றாள் சாந்தி, எதிரிலிருந்து. என்னோடு பேசிய முதற் சொல்.

நான் குனிந்து உண்டேன். என் வலப்பக்கம் வெள்ளை விரிப்புகளோடு விருந்தினர் மேசைகள் காத்திருந்தன. இடப்பக்கம் அடுக்களையில் வேலுவின் அடுப்பு சீறிக்கொண்டிருந்தது. எப்படித் திரும்பி அமர்ந்தாலும் இரண்டில் ஒன்றுக்கு முதுகு காட்டவேண்டியிருந்தது. கடைசியில் நாற்காலியைக் குறுக்காகப் போட்டுக்கொண்டேன். சோறு பாதி இருக்கையில் வேலு, "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களா ஐயா?" என்றார். வாயில் உணவு இருந்தது. அப்படியே, "வையுங்க" என்றேன்.