நடுவில் நட்ட மரங்கள்

மாநகராட்சியின் பூங்காப் பிரிவில் வரைவாளராக இருக்கும் அவருக்கு அலுவலகத்தில் ‘வட்டம்’ என்று பெயர். வைத்தவர்கள் அதிகம் மெனக்கெடவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் போடுவது வட்டம்தான். தெருவின் வரைபடத்தை விரித்து, எங்கெல்லாம் மரம் வர வேண்டுமோ அங்கெல்லாம் ஒரு பச்சை வட்டம் போடுவார். இலையும் கிளையும் அந்த வட்டத்துக்குள் அடக்கம். மரத்துக்கு அடிமரம் என்று ஒன்று உண்டு என்பதை அந்த அலுவலகத்தின் வரைபடங்கள் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை.

சுத்தமான வேலைக்காரர். கோட்டைத் தாண்டி வட்டம் வழிவது அவருக்குப் பிடிக்காது. சாலையோரமாகப் போட்டால் பச்சை சாலைக்குள் வழிகிறது. சுவரோரமாகப் போட்டால் வீட்டுக்குள் நுழைகிறது. நடைபாதையின் நட்டநடுவில் வைத்தால் இரண்டு கோடுகளுக்கும் இடையில் பொத்தான் தைத்ததுபோல் உட்கார்ந்துகொள்கிறது. அப்படித்தான் அவர் குடியிருக்கும் தெருவுக்கே மரங்கள் வந்தன, நட்டநடுவில், வரிசையாக. நன்றாகவும் வளர்ந்தன. தெருவுக்குப் பசுமை விருது கிடைத்தது. உயரத்திலிருந்து எடுத்த படம் ஒன்றைச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். அதில் தெரு ஒரே பச்சைக் கோடு. மனிதர் ஒருவர்கூடத் தெரியவில்லை என்பதால் படம் இன்னும் அழகாக இருந்தது.

அந்த நடைபாதையில் அவரும் தினமும் நடந்தார். ஒவ்வொரு மரத்தருகிலும் உடம்பை ஒருக்களித்து நுழைந்து போவார். அதை மரத்துக்குக் காட்டும் மரியாதை என்று நினைத்தாரோ என்னவோ.

பிறகு அக்கா வந்தார். அச்சகங்களில் பிழை திருத்துவது அவர் தொழில். வீட்டிலும் அதையேதான் செய்வார். மாடிப்படியில் விழுந்ததிலிருந்து சக்கர நாற்காலி. தனியாக இருக்க முடியாமல் தம்பி வீட்டுக்கு வந்தவருக்கு, அதே தெருவின் கடைசியில் இருந்த அச்சகத்தில் வேலை கிடைத்தது. “உங்களுக்கு மேசை மட்டும் போட்டா போதும், நாற்காலி மிச்சம்” என்றாராம் அச்சகக்காரர். அக்காவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. யாரும் தள்ளாமல், தானே உருட்டிக்கொண்டு வேலைக்குப் போய்வருவது என்று முடிவு செய்துவிட்டார். விழுந்த பிறகு அவர் வேண்டும் என்று கேட்ட ஒரே விஷயம் அது.

வந்த அன்றே கூடத்தில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார்.

“அழகா இருக்கேடா. எந்த ஊரு?”

“நம்ம தெருதான்கா.”

“அட! யாரு இவ்வளவு அழகாப் பண்ணது?”

வட்டம் அடக்கமாகச் சிரித்தார். மறுநாளும் அந்த அடக்கத்தைக் காப்பாற்ற வேண்டிவரும் என்று அவருக்கு அப்போது தெரியாது.

மறுநாள் காலை, வீட்டைவிட்டு இறங்கி முதல் மரத்தருகிலேயே நாற்காலி நின்றுவிட்டது. இந்தப் பக்கம் சக்கரம் சுவரில் இடித்தது. அந்தப் பக்கம் நடைபாதையே முடிந்தது. அக்கா பின்னால் வந்து, கோணம் மாற்றி, மறுபடி முட்டினார்.

“எந்தப் புத்திசாலிடா மரத்தக் கொண்டுவந்து நடுவுல நட்டான்?”

“யாரோ... மாநகராட்சில.”

“நீயும் அங்கதானே இருக்கே?”

“அது வேற செக்‌ஷன்கா.”

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் என்பதால் முகம் சிவந்துவிட்டது. வெயில் என்று அக்கா நினைத்துக்கொண்டார். நடைபாதையிலிருந்து இறக்கிவிடச் சொல்லி, பேருந்துகளுக்கு நடுவே சாலையில் உருட்டிக்கொண்டு போனார். பின்னாலேயே ஓடிய தம்பியை, “கூட வராதே, நான் என்ன பள்ளிக்கூடமா போறேன்?” என்று விரட்டினார்.

இப்படியே சில நாட்கள் போயின. ஒவ்வொரு மரத்தருகிலும் அக்கா அந்தப் புத்திசாலிக்கு ஒரு புதுப் பட்டம் கொடுத்தார். மாலையில் மட்டும் கூட வர அனுமதி பெற்ற தம்பி எல்லாவற்றையும் வேறொருவரின் பிரதிநிதியாக நின்று வாங்கிக்கொண்டார்.

மூன்றாவது மரத்தடியில் சாவி செய்பவர் ஒருவர் கடை போட்டிருந்தார். ஒருநாள் மாலை அக்காவும் தம்பியும் வீடு திரும்பும்போது அவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

“அம்மா, சாரோட அக்காவா நீங்க? சார் நல்லா இருக்கணும்மா. முன்னாடியெல்லாம் மண்டை காஞ்சு கிடப்பேன். சார் போட்ட பிளான்தான், இந்த மரமெல்லாம் சார் நட்டதுதான். விருதே கொடுத்தாங்களே, தெரியாதா?”

அக்கா தலையை மட்டும் திருப்பித் தம்பியைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. அவரோ சாவிக்காரரிடம், “தெரியாதுப்பா. அவன் ரொம்ப அடக்கமானவன்” என்றார்.

அன்று சாப்பாட்டு மேசையில் வட்டம் தலை நிமிரவில்லை.

“வெட்டிடச் சொல்லட்டுமாக்கா?”

“மரம் என்னடா பண்ணுச்சு? நிழல்ல ஒருத்தன் பொழைக்கிறான். தப்பு உன்னோடதுன்னா நீதான் நகரணும்.”

கார்கள் நிற்கும் ஓரத்தை எடுத்துக்கொண்டு, நடைபாதையை மரத்தைச் சுற்றி அகலப்படுத்தலாம் என்று அவர் ஒரு திட்டம் வரைந்தார். தலைமைப் பொறியாளர் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு. தப்புன்னு மட்டும் எங்கேயும் சொல்லிடாதீங்க. விருது வாங்கின தெரு. மேம்பாடுன்னு சொல்லுங்க” என்றார்.

தெருக்காரர்களைக் கூட்டினார்கள். “காரை எங்கய்யா நிறுத்துறது, தலையிலயா?” என்று ஒருவர் எழுந்தார். “நடக்கிறவன் ஒருத்தனும் கேக்கல, யாருக்கு இது?” என்றார் இன்னொருவர். வட்டம் ‘மேம்பாடு’ என்று ஆரம்பித்தார். பின்வரிசை ஓரத்தில் நாற்காலியோடு அக்கா. அவரைப் பார்த்ததும் அந்த வார்த்தையை அப்படியே விட்டுவிட்டார்.

“தப்பு என்னோடதுங்க. வரைஞ்சது நான்தான். படத்துல நல்லா இருக்கணும்னு நடுவுல வெச்சேன். எங்கக்கா போகும்போதுதான் தெரிஞ்சுது. அதுவரைக்கும் நான் யோசிக்கல. தெரிஞ்சும்கூட நான் இல்லேன்னு அவங்ககிட்டயே சொல்லிட்டேன்.”

சபை கொஞ்சம் சிரித்தது, பிறகு சிரித்ததற்காகச் சங்கடப்பட்டது. கார்க்காரர் முணுமுணுத்தபடி உட்கார்ந்தார். திட்டம் தேறியது.

“உங்க வீட்டு வாசல்லேருந்தே ஆரம்பிச்சிடலாமா?” என்று கேட்டார் பொறியாளர். சொந்த வீட்டுக்குச் செய்துகொண்டான் என்று யாராவது சொல்லிவிட்டால்? வட்டம் பதறிப்போய், அச்சக முனையிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். வேலை மெதுவாக, மரம் மரமாக நடக்கிறது. வீட்டு வாசல் மரத்தின் முறை கடைசியில்தான் வரும்.

“அப்போ உன் மானத்துக்காக நான் இன்னும் ரோட்டுல போகணும்?” என்றார் அக்கா. ஒரு வெட்கத்தைத் துடைக்கப் போய் இன்னொன்றைப் பூசிக்கொண்டது தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது.

இப்போது காலையில் இருவரும் சேர்ந்தே போகிறார்கள். அக்கா சாலையோரமாக உருட்டுகிறார். பேருந்துகளுக்கும் நாற்காலிக்கும் நடுவில் தம்பி, கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நடக்கிறார். ஒலிப்பான் அடிப்பவர்கள் அவரைத்தான் திட்டுகிறார்கள். முடிந்த பகுதி வந்ததும் அக்கா சரிவில் ஏறி, திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்.

நேற்று, வீட்டு வாசல் மரத்தருகில் அக்கா நாற்காலியை நிறுத்தினார்.

“நீ ஏன்டா கீழ வரே? மேல ஏறி நட. உன்ன மாதிரி ஆளுங்களுக்குத்தானே கட்டினே.”

அவர் மேலே ஏறவில்லை.