தங்கப்பாண்டியின் ஒயின் கறியும் என் வயிற்றெரிச்சலும்

ஞாயிற்றுக்கிழமை காலை அவனியாபுரம் கறிக்கடையில் நின்றுகொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. தொடைக்கறி கேட்டுவிட்டு, கடைக்காரர் எலும்பைக் கூடுதலாகத் தள்ளிவிடக் கூடாதே என்று அவர் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளி எழுத்தரிடமிருந்து போன். "சார், நம்ம தங்கப்பாண்டி சார் தவறிட்டாரு. நெஞ்சு வலின்னு தூக்கிட்டுப் போயிருக்காங்க, போற வழியிலயே முடிஞ்சுபோச்சு." கறியை வாங்காமலே வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் கண்ணீர் கண்ணை மறைத்தது. ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்த அழுகைக்கு நடுவிலும் ஒரு நினைப்பு ஓடியது: இன்றைக்கும் எல்லோரும் அவன் ஒயின் ஊற்றி வைக்கும் பன்றிக்கறியைப் பற்றித்தான் பேசப் போகிறார்கள்.

அப்படியே நடந்தது. வண்டியூரில் அவன் வீட்டு வாசலில் போட்டிருந்த பந்தலில் நம் பள்ளி ஆசிரியர்கள் நாம் எல்லோரும்தான் உட்கார்ந்திருந்தோம். ஆயுள் முழுக்க வரலாறு நடத்தியவன் அவன். அவன் நடத்திய பாடத்தைப் பற்றி நீங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. "அந்த ஒயின் கறிய இனிமே எங்க போய்த் திங்கிறது" என்று ஒருவர் ஆரம்பித்தார், பந்தலே தலையாட்டியது. அவன் மனைவி செல்வராணியைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு வந்த என் மனைவியும் என் பக்கத்தில் உட்கார்ந்து அதையேதான் சொன்னாள். செத்தவன் மேல் பொறாமைப்படலாமா என்று கேட்காதீர்கள். பட்டேன்.

பின்னால் வந்து சேர்ந்தவர்களுக்குத் தெரியாது. அவன் ஒயின் பாட்டிலைத் தொடுவதற்கு முன்னால் நம் பள்ளியில் கறி என்றால் நான்தான். ஆண்டுத் தேர்வு முடிந்ததும் ஆசிரியர்கள் எல்லோரும் அலங்காநல்லூர் பக்கம் மாந்தோப்புக்குப் போவோம். அங்கே ஆட்டுக்கறிச் சுக்கா என் பொறுப்பு. அடுப்புப் பக்கம் இன்னொருவரை அண்டவிட மாட்டேன். நான் கணக்கு வாத்தியார் என்பதை மறந்து என்னை ‘சுக்கா சார்’ என்றே கூப்பிட்டவர்கள் உண்டு. தங்கப்பாண்டி மட்டும் பாராட்டி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "உப்பு சரியா இருக்கு மாப்ள" என்பான். அதோடு கை கழுவப் போய்விடுவான்.

கப்பலில் சமையல் வேலை பார்த்த அவனுடைய மச்சினன் ஒரு விடுமுறையில் வந்து அந்தப் பக்குவத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வாரமே ஆசிரியர் அறை நடுவே நின்று அறிவித்தான். "ஞாயித்துக்கிழமை எல்லாரும் வீட்டுக்கு வந்துருங்க. பன்னிக்கறி, ஒயின் ஊத்தி வைக்கப்போறேன்." நம்மில் பாதிப்பேர் வீட்டில் அந்தக் கறி வாசல்படி ஏறாது. ஏறுகிற வீட்டிலிருந்து வந்தவர்களும் வெளியில் மூச்சு விட மாட்டார்கள். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "எங்கப்பா வயக்கூலிக்குப் போயி வாங்கியாந்த கறி இதான். நான் வளந்ததே இதுலதான். பிடிச்சவுக கறி சாப்பிடுங்க, பிடிக்காதவுகளுக்கு சாம்பார் இருக்கு." அவன் கறியின் மேல் பொறாமை வருவதற்கு முன்னால், இப்படிச் சொல்ல முடிந்ததே, அதன் மேல்தான் எனக்குப் பொறாமை வந்தது.

குறை கண்டுபிடிக்கலாம் என்று அன்றைக்குக் காலையிலேயே போய் அவன் அடுப்பங்கரையில் நின்றேன். கனத்த இரும்புச் சட்டி. கொழுப்போடு பெரிய பெரிய துண்டுகள். எல்லாப் பக்கமும் சிவக்க வறுத்து, சின்ன வெங்காயம், பூண்டு, தட்டிய மிளகு, பிரிஞ்சி இலை போட்டு, ஒரு பாட்டில் சிவப்பு ஒயினை மிச்சம் வைக்காமல் ஊற்றினான். மிளகாய்த்தூள் கிடையாது. ஆவி போகாமல் மூடியைச் சுற்றிக் கோதுமை மாவை அப்பிவிட்டு, தீயை அணைகிற அளவுக்குக் குறைத்தான். வெந்துவிட்டதா, வெந்துவிட்டதா என்று நான் நச்சரித்துக்கொண்டே இருந்தேன். "வெந்துருச்சான்னு கேக்குறவனுக்கு எதுவும் வேகாது மாப்ள" என்றான்.

மதியம் தாண்டி, பசி காதை அடைக்கிற நேரத்தில் மாவை உடைத்து மூடியைத் திறந்தான். கரண்டி பட்டதும் கறி தானாகப் பிரிந்தது. பரோட்டா வாங்கி வைத்திருந்தான். எனக்குச் சாம்பாரே போதும் என்று சொல்லி உட்கார்ந்த என் மனைவி, ஒரு பேச்சுக்குப் பரோட்டாவை ஒருமுறை அந்தக் குழம்பில் தொட்டாள். அப்புறம் சாம்பார் வாளியை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. "அண்ணே, இன்னும் ரெண்டு துண்டு வைங்க" என்று அவள் கேட்டது என் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து என் சுக்காவை அவள் ஒருநாளும் மறுதடவை கேட்டு வாங்கியதில்லை.

ஒயின் வாங்க அவன் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். ஆரப்பாளையத்தில் மதுக்கடை வரிசையில் மஞ்சள் பையோடு நின்றிருக்கிறான். முன்னால் நின்றவன் பழைய மாணவன். "சார், நீங்களுமா?" "சமைக்கிறதுக்குடா." பின்னால் நின்ற ஒருவர், "நாங்களும் சமைக்கத்தான் அண்ணே வாங்குறோம்" என்றிருக்கிறார். வரிசையே சிரித்திருக்கிறது. திங்கட்கிழமை அவனே இதை ஆசிரியர் அறையில் நடித்துக் காட்டினான். நானாக இருந்தால் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு ஓடி வந்திருப்பேன்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் நானும் முயன்றேன். ஒயின் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து இனிப்பு ஒயினை வாங்கி வந்துவிட்டேன். காத்திருக்கப் பொறுமையில்லை, குக்கரில் போட்டேன். பொங்கி, விசில் வழியாகச் சுவரெல்லாம் சிவப்பாகத் தெறித்தது. என் மனைவி ஒரு வாய் வைத்துவிட்டு, "இதென்ன, கறிப் பாயசமா?" என்றாள். கொடுமை என்னவென்றால், அந்த நேரம் பார்த்துத் தங்கப்பாண்டி வந்து நின்றான். அவன் சிரிக்கவில்லை. உட்கார்ந்து தட்டைக் காலி செய்துவிட்டு, "கறி நல்ல கறி மாப்ள" என்றான். அவனுடைய அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின சாயங்காலம், இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்து இலையில் படைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்கு முதல் நாள் செல்வராணி போன் செய்தார். "அண்ணே, நாளைக்குப் படைக்கணும். அவருக்குப் பிடிச்சத நீங்கதான் செஞ்சு தரணும்." "இல்லம்மா, அந்த ஒயின் கறி என் கைக்கு வராது" என்றேன்.

"அத யாருண்ணே கேட்டா? உங்க சுக்காவக் கேக்குறேன். பன்னிக்கறி சின்ன வயசுலயே தின்னு சலிச்சுப்போச்சும்பாரு. ஊருக்கு வச்சுக் குடுக்குறதோட சரி. உங்க சுக்கா மாதிரி வரணும்னு இந்த அடுப்புல எம்புட்டு நாள் நின்னுருக்காரு தெரியுமா? தோப்புக்குப் போயிட்டு வந்தா அன்னைக்குப் பூரா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிவாரு. கடைசியிலதான், ‘ஆட்டுக்கறியில அவன ஜெயிக்க முடியாது ராணி, அவன் தொடாத கறியா எடுப்போம்’னு இதப் பிடிச்சாரு."

மறுநாள் சுக்காவோடு போனேன். இலை போட்டு, பரிமாறி, சூடம் காட்டியதும், போனவர் வந்து சாப்பிடட்டும் என்று கொஞ்ச நேரம் கதவைச் சாத்தி வைப்பார்கள். எல்லோரும் முற்றத்தில் நின்றார்கள். நான் மட்டும் கதவை ஒட்டி நின்றேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இத்தனை வருடம் என்மேல் வயிறெரிந்திருக்கிறான், அந்தச் சந்தோஷத்தை ஒருநாளாவது அனுபவிக்க விட்டானா? தெரிந்திருந்தால் அவன் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேனே. "இப்பவாவது சொல்லித் தொலடா" என்று கதவைப் பார்த்துச் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அப்புறம் அங்கேயே நின்று அழுதேன். என் மனைவிதான் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள்.

இரும்புச் சட்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னார் செல்வராணி. வேண்டாம் என்றுவிட்டேன். என்னைப் பார்த்து அவன் பொறாமைப்பட்டான் என்பதை மட்டும் வைத்துக்கொள்கிறேன். நீங்கள் அவனுடைய ஒயின் கறியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொள்ளுங்கள். இதில் யாருக்கும் பங்கு தர மாட்டேன்.