ஆறாம் நாள், எந்தக் கரை?

திருகோணமலைக் கந்தோரில் தலைமை எழுத்தர் என்னிடம் கேட்டதெல்லாம் பயணத்தைப் பற்றித்தான்.

"தொலைபேசிப் பலகை பாக்கப் படிச்சிருக்கிறீர், சரி. கிண்ணியாவிலயிருந்து எப்பிடி வருவீர்?"

"பாதையில கடந்து, பஸ் எடுத்து."

"ஆரோடை?"

"தனிய."

அவர் சாய்ந்த கதிரை கிரீச்சிட்டது. "ஆறு நாள் வந்து காட்டும். எட்டு மணிக்கு, தனிய. உம்மைக் கூட்டிக்கொண்டு வர இன்னொராள் வேணுமெண்டால், ஒரு வேலைக்கு ரெண்டு பேரை வைச்ச மாதிரி. ஒரு நாள் ஆரும் கொண்டுவந்து விட்டாலும் அதோடை சரி."

ஒன்பது வயதில் ஒரு காய்ச்சல் என் கண்களை எடுத்துக்கொண்டு போனது. பார்வையற்றோர் பள்ளி ஒரு தொழிலைத் தந்தது, வேலையைத் தரவில்லை. இரண்டு வருடம் திருகோணமலையில் வாசல் வாசலாய் ஏறி இறங்கினேன். தேநீர் தந்தார்கள், எனக்காக இறைவனிடம் துஆக் கேட்டார்கள், படியில் விழாமல் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்கள். வேலையை மட்டும் ஒருவரும் தரவில்லை. ஆகவே அந்த ஆறு நாள் எனக்கு ஆறு நாள் அல்ல.

அந்தப் பலகை எனக்குப் பிடித்துப்போனது. வரிசை வரிசையாய்ச் சின்னச் சின்ன உலோகக் கதவுகள். யாராவது அழைத்தால் ஒன்று 'டிக்' என்று விழும். கண் உள்ளவர் பார்ப்பார். நான் இடது கையால் வரிசையைத் தடவுவேன். விழுந்த கதவு நாக்கில் படும் ஆடுகிற பல்லைப் போல விரலில் படும்; அதன் கீழுள்ள துளையில் கம்பியைச் செருகி இணைப்பேன். ஐந்து நாள் ஒரு அழைப்பும் தவறவில்லை.

ஆறாம் நாள் வாடைக்காற்றும் மழையும். பாதை என்று நாங்கள் சொல்வது, ஆட்களையும் லொறிகளையும் ஏற்றி, மோட்டர்ப் படகு இழுத்துக்கொண்டு கடக்கும் பெரிய மிதவையை. நான் ஒரு லொறிச் சில்லோடு ஒட்டி நின்றேன். தலைக்கு மேல் பொலித்தீன், அதன்மேல் மழை, அந்த இரைச்சலுக்குள் உலகம் இல்லை. நடுவில் படகு இருமியது. மிதவை வளைந்தது. ஆட்கள் ஏசினார்கள், ஆனால் அவர்கள் தினமும் ஏசுகிறவர்கள்தான். பிறகு கரை இடித்தது. எல்லோரும் இறங்கினார்கள், நானும் இறங்கினேன்.

இழுவைப் படகு பழுதாகி, மிதவை ஏறின துறைக்கே திரும்பிவிட்டது. கண்ணால் எல்லோரும் கண்ட சங்கதி; அதனால் ஒருவரும் வாயால் சொல்லவில்லை.

நான் அக்கரை என்று நினைத்து நடந்தேன். ஐம்பத்திரண்டாம் எட்டில் சீமெந்து விளிம்பு வர வேண்டும், வந்தது சேறு. வலப்பக்கம் கொண்டக்டரின் கூப்பாடு கேட்க வேண்டும். ஒரு ஆடு கத்தியது. அக்கரையில் ஆடு இருக்கக் கூடாதா என்ன? இன்னும் பத்து எட்டு வைத்தேன். ஒரு இரவுக்குள் கரையையே யாரோ கழற்றி வேறு மாதிரிப் பூட்டிவிட்டார்கள் என்று தோன்றியது. கைத்தடி ஒரு தோணியில் முட்டியது.

"தம்பி, எங்க போறீங்க இந்த மழைக்குள்ள?" எங்கள் பக்கத்து வீட்டு மீன்காரர், நான் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிறவர்.

"காக்கா, நீங்களும் கடந்து வந்தீங்களா? பஸ்ஸடி எங்கால?"

"பஸ்ஸாம் பஸ்! நனைஞ்சு சாகாம வாங்க."

என் கையைப் பிடித்தார். நான் உதறினேன்; பிடித்துப் போனால் அது கூட்டிப்போவது. அவருடைய செருப்புச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அது தனியே போவது. அப்படித்தான் எனக்குள் ஒரு சட்டம் எழுதிவைத்திருந்தேன். அவர் என்னை வீட்டுக்குத்தான் கொண்டுபோகிறார் என்று எனக்குத் தெரியாது. நான் அங்கேதான் போக விரும்பாதவன் என்று அவருக்கும் தெரியாது.

ஒரு படலை திறந்தது.

"என்ன மகன், வேலை இல்லையெண்டு திருப்பி அனுப்பிட்டாங்களா?"

"உம்மா! நீங்க இந்தக் கரையில என்ன செய்யிறீங்க?"

காக்கா விழுந்து விழுந்து சிரித்தார். உம்மா சிரிக்கவில்லை. அந்த வாசலில், என் சொந்த வாசலில், எந்தப் பக்கம் கடல் என்று தெரியாமல் நான் நின்றேன்.

"பாதை இனிப் பின்னேரம்தான் ஓடும்," என்றார் காக்கா. "ஏறுங்க தோணியில."

"நீங்க விட்டா வேலை போயிரும் காக்கா."

"போகாட்டியும் போயிரும்தானே?"

திரும்பவும் அவருடைய செருப்புச் சத்தத்தின் பின்னே கரைக்கு நடந்தேன். ஏறினேன். ஏறியதும் ஒரு துடுப்பைக் கேட்டு வாங்கினேன். எனக்குத் துடுப்பு வலிக்கத் தெரியாது. தோணி இரண்டு தரம் வட்டமடித்தது. "தம்பி, அந்தத் துடுப்பை வைச்சாக் கெதியாப் போகலாம்," என்றார் அவர். நான் வைக்கவில்லை. வலித்தால் பாதிப் பயணம் என்னுடையது.

அலுவலகத்தில் ஏறியபோது பத்தரை. கிண்ணியாவிலிருந்து வரும் மற்ற நால்வரும் வரவில்லை என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"பாதை நிண்டுபோச்சாம். எப்பிடி வந்தீர்?" என்றார் தலைமை எழுத்தர்.

"தோணியில."

"தனியவோ?"

ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன். என் உடுப்பிலிருந்து நிலத்தில் நீர் சொட்டியது.

"ஒராள் கொண்டுவந்து விட்டவர். நானும் வலிச்சனான்."

மூலையில் ஒருவர் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார். தலைமை எழுத்தரின் முகம் என்ன செய்ததோ நான் அறியேன். அதற்குள் பலகையில் ஒரு கதவு விழுந்தது. ஒருவரும் போ என்று சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. போய் உட்கார்ந்தேன். துடுப்பு உரித்த விரல்கள் மரத்துக் கிடந்தன. எது விழுந்த கதவு, எது நிற்கும் கதவு? ஊகித்துச் செருகினேன். களஞ்சியத்துக்குப் போக வேண்டிய அழைப்பு வைத்தியரின் அறைக்குப் போய், அவர் கத்தினார்.

"அடுத்ததைப் பாரும்," என்றது எனக்குப் பின்னால் தலைமை எழுத்தரின் குரல். அவர் எவ்வளவு நேரமாய் அங்கே நின்றாரோ.

சனிக்கிழமை அரை நாள்; மத்தியானம் கந்தோர் மூடும்போது, "திங்கட்கிழமை எட்டு மணி," என்றார். நான் காத்துக்கொண்டு நின்றேன். 'தனிய' என்ற அந்த மற்றச் சொல்லை அவர் சேர்க்கவில்லை. மறந்தாரா, விட்டாரா? பதினொரு வருடம் அந்தப் பலகையில் இருந்தேன். ஒரு நாளும் கேட்கத் துணியவில்லை.