புறப்பட்ட இடத்திலேயே இறக்கிவிடும் ரயில்

ஆக்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் வாங்கி அந்த ரயிலில் ஏறினால், இருபது நிமிடம் புகைவிட்டுப் போய், ஏறின அதே பிளாட்பாரத்தில் இறக்கிவிடுகிறார்கள். எல்லோரும் கைதட்டுகிறார்கள். நம்மூரில் இப்படி ஒரு ரயில் திரும்பி வந்தால் ஸ்டேஷன் மாஸ்டரின் சட்டை மிஞ்சுமா?

வெட்டியது போக மீதி நிற்கிற ஓர் எரிமலைக்குள் ஓடும் பழைய குவாரி ரயில் அது. ஒருகாலத்தில் மலையை உடைத்துத் தண்டவாளத்துக்கு அடியில் கொட்டினார்களாம். மிச்ச மலையையும் மிச்ச ரயிலையும் இப்போது சம்பளமில்லாத தொண்டர்கள் காப்பாற்றுகிறார்கள். என்னைக் காரில் கூட்டிப்போனவர், நான் குடியிருக்கும் பாபடோயிட்டோயில் பக்கத்து வீட்டுக்காரர், யாழ்ப்பாணத்துச் சிவநேசன் அண்ணை. ரயில் வந்து நின்றதும் பழக்கதோஷத்தில் ஜன்னல் வழியே கைக்குட்டையைப் போட்டு சீட்டுப் பிடித்தேன்.

"எட்டுச் சனந்தான் நிக்கினம். ஆரோடையடாப்பா போட்டி?" என்றார் அண்ணை.

தண்டவாளப் பொறுப்பாளர் கிரஹாம் ஓடிப்போய் அதை எடுத்து, தூசி தட்டி, "மேட், உங்கள் கைக்குட்டை விழுந்துவிட்டது" என்று கொடுத்தார். போச்சு, சீட்டும் போச்சு.

நான் போனது வேடிக்கை பார்க்க இல்லை. அரக்கோணம் பக்கம் ஒன்பது வருஷம் கீமேனாக இருந்தவன். தினமும் சுத்தியலோடு தண்டவாளத்தில் நடந்து, தளர்ந்ததை இறுக்குகிற வேலை. மனைவிக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்ததும், கவர்மெண்ட் வேலையை விட்ட கிறுக்கன் என்று பெயர் வாங்கிக்கொண்டு வந்தேன். இப்போது மங்கரேயில் சரக்குக் கிடங்கில் பெட்டி தூக்குகிறேன். இந்த ரயிலின் தண்டவாளக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மூன்று மெயில் போட்டதற்கு, கேன்டீனில் கப் கழுவ ஆள் தேவை என்று பதில் வந்தது. எனக்கு உருப்படியாகத் தெரிந்தது ஒரே ஒரு வேலை. அதை இந்த நாடு கேட்கவே இல்லை. இன்றைக்குக் கேட்க வைக்காமல் வீடு திரும்புவதில்லை என்று முடிவு.

இரண்டாவது வளைவில் பெட்டி ஒரு பக்கம் லேசாகத் தாழ்ந்து எழுந்தது. என் பின்பக்கம் உடனே கண்டுகொண்டது. என் உடம்பில் தொழில் படித்த உறுப்பு அது ஒன்றுதான். இறங்கியதும் கிரஹாமிடம் சொன்னேன், நடந்து போய்ப் பார்ப்போம் என்றேன்.

"யா... நா" என்றார். இந்த ஊரில் அதற்கு 'வேண்டாம்' என்று அர்த்தம். நான் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தேன். அடுத்த ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. அவரும் முணுமுணுத்தபடி பின்னால் வந்தார்.

எங்கள் ஜல்லி இரும்பாகக் கனக்கும். இந்த எரிமலைக் கல் காய்ந்த பணியாரம்போல ஓட்டை ஓட்டையாக இருந்தது. பொறுக்கிய ஒரு கல்லால் ஸ்லீப்பர் கட்டைகளைத் தட்டிக்கொண்டே போனேன். எல்லாம் கெட்டியாகப் பேசின. ஒன்று மட்டும் காலிப் பானை. அடியில் கல் இறங்கிவிட்டிருந்தது. கிரஹாம் மண்டியிட்டு, என் கையிலிருந்து கல்லை வாங்கி, மூன்று தடவை தட்டினார்.

"சனிக்கிழமை ஏழு மணி. பூட்ஸ் போட்டு வா."

காரில் அண்ணை சிரித்தார். "ஓம், சம்பளமில்லாத கவர்மெண்ட் வேலை!"

சனிக்கிழமை அந்தக் கட்டைக்கு அடியில் கல் திணித்து இறுக்கினோம். மறுநாள் ஞாயிறு முதல் ரயில் வந்தபோது ஓரமாக ஒதுங்கி, எங்கள் ஊர் விதிப்படி கையை நேராக நீட்டினேன்: எல்லாம் சரி, போகலாம். பதிலுக்குக் கார்டு பச்சைக்கொடி காட்ட வேண்டும். இந்தக் கார்டோ வாயெல்லாம் பல்லாக டாட்டா காட்டினார். ஜன்னல்களில் குழந்தைகளும் காட்டினார்கள். நான் அசையாமல் விறைத்து நின்றேன். கடைசிப் பெட்டி அந்த வளைவில் தாழாமல் போனது. கை அப்படியே அரக்கோணத்தில் நீட்டிக்கொண்டிருக்க, விரல்கள் மட்டும் மெதுவாக டாட்டா காட்டத் தொடங்கின.